சொந்தக் காசில் சூனியம்

கோபாலபுரத்தில் பழைய தனி வீடுகள் ஃப்ளாட்டுகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இடிக்காத வீடுகளிலோ ஏ.சி., கீசர், ஃபால்ஸ் சீலிங் என்று புது வயரிங். வேலை முடியும் நாளில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே வசனம்தான்: "வயர் நீளமா இருந்தா வெட்டாதீங்க, சுருட்டி உள்ளே தள்ளுங்க. பின்னாடி உதவும்!"

உதவாது. உபத்திரவம்தான் செய்யும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்ன? 90 மீட்டர் காயிலைப் பாரிமுனையில் பேரம் பேசி வாங்குவது வீட்டுக்காரர். காசு கொடுத்த செம்பை வெட்ட அவருக்கு மனசு வராது. எலெக்ட்ரீஷியனுக்குப் பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி. அளந்து வெட்டினாலும் சுருட்டிச் செருகினாலும் அவருக்கு அதே பணம்தான். (செருகினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது வேறு விஷயம்!) பிறகு குடிவரும் வாடகைதாரருக்குத் தலைக்கு மேல் இப்படி ஒரு சுருள் இருப்பதே தெரியாது. முடிவு எடுப்பவர்கள் இரண்டு பேர், அதன் கீழே தூங்குவது மூன்றாவது ஆள். அநியாயமே இங்கேதான் இருக்கிறது.

"சுருட்டினால் என்ன ஆகிவிடும்?" என்பவர்கள் பத்தாம் வகுப்பு ஃபிசிக்ஸை நினைத்துப் பார்க்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.75 சதுர மி.மீ. செம்பு, 10 மீட்டர் நீளம். போக வர 20 மீட்டர், அதாவது சுமார் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ். அதில் 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் ஓடும். வயரிலேயே கிட்டத்தட்ட 22 வாட் சூடாகப் போகிறது. ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! வயரை விரித்துப் போட்டால் இந்தச் சூடு 10 மீட்டரிலும் பரவிக் காற்றோடு போய்விடும். சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளினால் ஒரே இடத்தில் தேங்கும். சாதாரண பி.வி.சி. இன்சுலேஷன் தாங்குவது 70 டிகிரி. அதைத் தாண்டினால் இளகும், நாளடைவில் வெடிக்கும்.

இங்கிலாந்தில் விற்கும் கேபிள் ரீல்களில் இரண்டு வாட் அளவுகள் அச்சிட்டிருக்கும். முழுவதும் விரித்த நிலைக்கு ஒன்று, சுருட்டிய நிலைக்கு அதைவிடக் குறைவாக இன்னொன்று. வேலை இல்லாமலா அச்சடிக்கிறார்கள்?

"அதான் எம்.சி.பி. இருக்கே!" என்பது அடுத்த சமாதானம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 6.5 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது கரண்டின் அளவைப் பார்க்குமே தவிர, சுருளின் சூட்டைப் பார்க்காது. ஈ.எல்.சி.பி. பார்ப்பது கசிவை மட்டும். இன்சுலேஷன் கெட்ட பிறகுதான் அதற்குச் சேதியே போகும்.

"தெருக் கம்பத்தில் கேபிள்காரர்கள் சுருட்டித் தொங்கவிடவில்லையா?" தொங்கவிடுகிறார்கள். ஆனால் ஃபைபரில் போவது வெளிச்சம், டி.வி. கேபிளில் போவது வெறும் சிக்னல். அவை அடுப்பு எரிப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து, ஸ்விட்ச் பெட்டிக்குள் அரை அடி மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டச் சொல்லுங்கள். பின்னாளில் ஸ்விட்ச் மாற்ற அது போதும். வெட்டிய துண்டுகளை ஒட்டுப்போட்டு பைப்புக்குள் இழுக்க விடாதீர்கள். ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கை மூடும் முன் ஏணி போட்டு ஒருமுறை எட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க விரித்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

வயருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். காமர்ஸில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். சுருட்டி வைப்பதால் ஒரு பைசா திரும்பி வராது. வெட்டிய செம்பைக் காயலான் கடையில் போட்டாலாவது ஏதோ தேறும். அதே செம்பைச் சீலிங்குக்குள் சுருட்டி வைப்பதற்குப் பெயர் சிக்கனம் அல்ல, சொந்தக் காசில் சூனியம்.