சந்தையும் டீக்கடை பெஞ்சும்

கரிசல்காட்டில் வாரத்துக்கு ஒரு சந்தை நாளும் ஆறு சாதா நாளும் என்றுதான் கணக்கு. எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரியே சுற்றுப்பட்டிகளில் பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கிடாயைப் பிடிப்பது, எந்தக் குட்டியை இன்னும் ஆறு மாதம் நிறுத்திவைப்பது, வருகிற பணத்தில் யார் கடனை முதலில் அடைப்பது என்று வீட்டுக்குள் விவாதம் நடக்கும். இந்த மண்ணுக்கு ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் பார்த்த ஒருபோக வெள்ளாமை வீடு வந்து சேரும்வரை சம்சாரி கையில் காசு புரள்வது ஆட்டிலும் கோழியிலும் முட்டையிலும்தான். தாமிரபரணிக் கரைக்காரருக்கு ஆறு எதுவோ, கரிசல் சம்சாரிக்குச் சந்தை அதுவாக இருந்தது.

பெருநகரத்துக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த மதுக்கூடம், காப்பிக்கடை, கடைத்தெரு பற்றி உருகி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவில்பட்டிதான் நினைவுக்கு வரும். இந்த ஊரை ஊராக்கியவையும் இப்படிப்பட்ட இடங்கள்தாம். வாங்கவும் விற்கவும் ஏற்பட்ட இடத்தில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். வியாபாரமும் அரசியலும் இலக்கியமும் அந்தப் பேச்சில் கிளைத்தன. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற சண்டையும் அங்கேதான் நடந்தது. அந்த இடங்கள் இன்று ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. அதைப் பற்றி ஊர் வாய் திறக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோவில்பட்டி பழைய நகரம் இல்லை. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட சிற்றூராக இருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த பருத்திக்கு அந்தச் சீமையின் பெயராலேயே அயல்நாட்டுச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அந்தப் பஞ்சைக் கொண்டுபோக ரயில் தேவைப்பட்டது. 1876 ஜனவரி முதல் தேதி மதுரை - தூத்துக்குடிப் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளம் எட்டயபுரத்தைத் தொடவில்லை, கோவில்பட்டி வழியாகப் போனது. அரண்மனை இருந்த ஊர் ஒதுங்கிப்போக, ஸ்டேஷன் கிடைத்த ஊர் வளர்ந்தது. அதே 1876இல்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் போன பாதையோரத்தில் கஞ்சிக்கு ஏங்கிய ஜனங்கள் இருந்த காலம் அது. கரிசலில் சந்தை என்று பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். விலை லிவர்பூல் பருத்திச் சந்தையில் தீர்மானமாகும், பசி இங்கே இருக்கும்.

1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணின் செல்லப்பிள்ளை. அதை மேம்படுத்தி 'கே' என்ற எழுத்தோடு வரிசையாக ரகங்களை அந்தப் பண்ணை வெளியிட்டது. பருத்தி எடுப்புக் காலத்தில் கூலியே பருத்தியாகக் கிடைக்கும். அந்தக் கூலிப் பருத்தியை மடியில் கொண்டுவந்து கடையில் கொட்டி, சேவோ கடலையோ கருப்பட்டி மிட்டாயோ மாற்றிக்கொண்டு போவார்கள். துட்டு என்பதே அபூர்வமான வீடுகளுக்கு வெள்ளைப் பஞ்சுதான் நாணயம்.

இனி வியாபாரிகள் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே இருந்து மாட்டு வண்டிகளில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வியாபாரிகளுக்கு வழியில் கள்ளர் பயம் இருந்தது. ஊருக்குள் தங்க இடம் கிடைப்பதும் எளிதாக இல்லை. அதனால் வண்டியையும் மாட்டையும் சரக்கையும் பத்திரமாக நிறுத்திவைக்கச் சுற்றுச்சுவர் எழுப்பிப் பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். அவற்றைப் பராமரிக்க, வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எல்லோரும் பொதுவில் போட்டார்கள். அதற்குப் பெயர் மகமை. விருதுநகர் அன்று விருதுபட்டி. அங்கே 1889இல் க்ஷத்ரிய வித்யாசாலை பள்ளிக்கூடம் எழும்பியதற்குப் பின்னால் இந்த மகமைப் பணம் இருக்கிறது. லண்டனில் 1680களில் எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசிப் பேசியே உலகப் புகழ் பெற்ற காப்பீட்டுச் சந்தை உருவானது என்று வியந்து சொல்வார்கள். வண்டிப்பேட்டையில் படுத்துக் கிடந்த மனிதர்கள் பேசிப் பேசிப் பள்ளிக்கூடம் கட்டியது அதற்குக் குறைந்த காரியம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வளர்ச்சியைப் பொறுக்காத கோபமும் கூடவே வந்தது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் ரத்தம் சிந்தியது. கோயில் நுழைவும் தெருவில் ஊர்வலம் போகும் உரிமையும்தான் வெளியே தெரிந்த காரணங்கள். பொது இடத்தில் நிமிர்ந்து நிற்பது யார் என்பதே அடியில் கிடந்த கேள்வி.

குடிக்கும் இடத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் பழைய குடி என்றால் கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள். 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971இல் அது நீங்கி, 1974இல் கடைகள் மறுபடி மூடப்பட்டு, 1981இல் திறந்து, 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை விழுந்தது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. கள்ளுக்கடை குடும்பங்களைக் கெடுத்ததில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கள் பனையேறியின் உழைப்பில் வந்தது, காசும் ஊருக்குள்ளேயே சுற்றியது. குடித்தவர்கள் மர நிழலில் சுட்ட கருவாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கதை பேசினார்கள். இன்றைய பாரைப் பாருங்கள். தகரக் கொட்டகை, கசங்கிய பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், அவசரம். வேலை முடிந்த களைப்பில் வருகிறவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தள்ளாடி வெளியே வருகிறார். 2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலை ஓரக் கடைகள் மூடப்பட்டு ஊர்களின் உள்பக்கம் நகர்ந்தபோது, தமிழ்நாடெங்கும் பெண்கள் திரண்டு மறித்தார்கள். அவர்கள் மறித்தது நியாயம்.

கள்ளுக்கு மாற்றாக உட்கார்ந்து பேசும் இடத்தைக் கரிசலுக்குக் கொடுத்தது தேநீர். 1930களில் தேயிலை வணிக அமைப்புகள் ஊர் ஊராக வண்டியில் போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பழக்கின. காப்பி கிளப்பில் காலை நீட்டி உட்கார வசதியும் சாதியும் வேண்டியிருந்தது. டீக்கடைக்கு அந்த வசதி தேவைப்படவில்லை. சாதி தேவைப்பட்டது. கூரைச் செத்தையில் செருகிவைத்த தனி டம்ளர், தானே எடுத்துத் தானே கழுவி வைக்க வேண்டிய சிரட்டை, பெஞ்சில் இடம் இருந்தும் தரையில் குத்தவைத்த மனிதர்கள்: இதெல்லாம் சட்டப்படி 1955லேயே குற்றம். ஆனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பூமணி 1979இல் 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரியை நடுவில் நிறுத்தி எழுதியபோதுதான், நிற்கவைக்கப்பட்டவரின் இடத்திலிருந்து கரிசல் முழுசாகத் தெரிந்தது. ஊர் டீக்கடையைப் பற்றி நெகிழ்ந்து பேசும் எவரும், நான் உட்பட, இதைத் தாண்டிப் பேச முடியாது.

ஆனாலும் அந்த பெஞ்சு மாறியது. தீப்பெட்டி ஆபீசும் பஞ்சாலையும் வந்த பிறகு, ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டத்துக்கு முன்னால் பழைய வழக்கம் நின்று பிடிக்க முடியவில்லை. சங்கம் கட்டியவர்கள் ஆலை வாசல் டீக்கடையில்தான் ஆள் சேர்த்தார்கள். பேப்பரை ஒருவர் சத்தமாகப் படிக்க, நாலு பேர் கேட்டு, ஐந்தாவது ஆள் மறுத்துப் பேசுவது அங்கே தினமும் நடந்தது.

கோவில்பட்டி காந்தி மைதானத்தை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் பாவம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சாயங்காலம் ஆனால் எழுத்தில் ஈடுபட்ட இளைஞர்கள் சிலர் அந்த மண்ணில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நகைக்கடை வைத்திருந்த தேவதச்சன், தபால் துறையில் இருந்த தமிழ்ச்செல்வன், ரயில்வேக்குப் போன உதயசங்கர், இன்னும் கௌரிஷங்கர், சமயவேல், நாறும்பூநாதன் என்று நீளும் அந்தக் கூட்டம். கவிதையும் ரஷ்ய நாவலும் கட்சிச் சண்டையும் இருட்டிய பிறகும் ஓயாது. நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து தொடர்வார்கள். பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊரில் பிறந்து, இருவருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். உருளைகுடியிலிருந்து வந்து பஞ்சாலையில் வேலை பார்த்த சோ. தர்மன் 2019இல் 'சூல்' நாவலுக்காக அதே விருதைப் பெற்றார். பூமணிக்கு 2014இல் 'அஞ்ஞாடி'க்குக் கிடைத்தது. ஒரு வறண்ட தாலுகாவில் இவ்வளவு எழுத்து எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் இல்லை, பெரிய பதிப்பகம் இல்லை. காசு கொடுக்காமல் மணிக்கணக்காக உட்காரத் திறந்த வெளி இருந்தது. கி.ரா. கரிசல் வட்டார வழக்குக்கு 1982இல் ஓர் அகராதியே கொண்டுவந்தார் என்றால், அந்தச் சொற்களெல்லாம் களத்துமேட்டிலும் சந்தையிலும் மடத்துத் திண்ணையிலும் காதில் விழுந்தவை.

சந்தையின் பேச்சு ஒரு தனிக் கலை. மாட்டுத் தரகு நடக்கும் இடத்தில் வாய் மாட்டின் சுழியையும் பல்லையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விலையைத் துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒருவர் விரலை மற்றவர் பிடித்து அழுத்துவார். பத்தா, நூறா, ஆயிரமா என்பது அவர்களுக்குள் தெரியும். சுற்றி நிற்பவருக்கு முகத்திலிருந்து ஒன்றும் கிடைக்காது. பேரம் முறிந்தாலும் யாருக்கும் மானம் போகாது. எவ்வளவுக்குக் கேட்டான் என்பது வெளியே வராதே. கடலைமிட்டாய்க் கடையின் பின்பக்கம் போனால் இன்னொரு நுட்பம் கிடைக்கும். பாகு கொதித்துவரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்துப் பார்ப்பார் மாஸ்டர். சடக்கென்று ஒடிய வேண்டும். இழுத்தால் பதம் போதாது, கூடிவிட்டால் கசக்கும். வறுத்துத் தோல் புடைத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, சட்டத்தில் பரப்பி உருளை ஓட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். மேலே தூவும் நிறமேற்றிய தேங்காய்த் துருவல்தான் கோவில்பட்டி முத்திரை. 2020இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம்பூர் ஸ்டேஷனில் போளி, சாத்தூரில் காரச்சேவும் வெள்ளரிக்காயும் என்று இந்தத் தண்டவாளம் நெடுக வாய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இத்தனை சொல்லியும் சரிபாதிப் பேரை விட்டுவிட்டேன். சந்தையில் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கீரை, கத்தரி, மிளகாய் வத்தல், நாட்டுக்கோழி முட்டை எல்லாம் அவர்கள் தலையில் வந்து இறங்குகிறது. தீப்பெட்டி வேலையும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். டீக்கடை பெஞ்சில் அவர்கள் இல்லை. மைதானத்து வட்டத்திலும் இல்லை. டீ வேண்டுமென்றால் பையனை அனுப்பித் தூக்கில் வாங்கிவரச் சொல்லி, சாக்குமேல் உட்கார்ந்தே குடித்து முடிப்பார்கள். டம்ளர் ஒன்றாகிவிட்டது என்று பெருமைப்படும் ஊர், இதைப் பற்றிப் பெரும்பாலும் யோசித்ததே இல்லை.

இப்போது தமிழ்நாட்டு நகரங்கள் எங்கும் பழைய தினசரிச் சந்தைகளை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்புகிறார்கள். நல்லதுதான். ஒழுகும் தகரத்துக்கும் சேற்றுக்கும் நடுவே யாரும் ஏன் வியாபாரம் செய்ய வேண்டும்? ஆனால் வரைபடத்தில் கடை எண்கள் மட்டும் இருக்கின்றன. ஏலம் எடுத்து வாடகை கட்ட முடிந்தவருக்கு ஷட்டர் போட்ட கடை கிடைக்கும். ஒரு கூடைக் கீரையோடு வருகிறவருக்கு எங்கே இடம்? மைதானங்களில் கட்டடம் முளைக்கிறது. மீதி இருக்கும் இடத்தில் வண்டி நிற்கிறது. நாற்கரச் சாலையோரம் புதிதாக வந்த உணவகங்களில் இருக்கை வசதியாகத்தான் இருக்கிறது. அங்கே சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும்.

நகராட்சிகள் புதுச் சந்தை கட்டும்போது வாடகையில்லாத தரைக்கடைக்கு என்று நிழலோடு ஒரு பகுதியைப் பத்திரத்திலேயே எழுதி ஒதுக்க வேண்டும். அதற்குள் பெண்களுக்குத் தண்ணீர் உள்ள, பூட்டாத கழிப்பறை இருக்க வேண்டும். ஒரு டீக்கடையை மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கொடுத்து, அதன் முன்னால் நீளமாக பெஞ்சுகள் போட வேண்டும். மைதானமாக மிஞ்சியிருப்பதை மைதானமாகவே விட வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர் யாராவது எழுந்து இதைக் கேட்கட்டும். கேட்காவிட்டால், விடியற்காலை முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குகிற பெண்களே கேட்கட்டும். அவர்களோடு போய் நிற்க ஊரில் ஆள் உண்டு.