பச்சைக் காய்கறிக்கும் பக்குவம் வேண்டும்

நம் நகரங்களில் பச்சைக் காய்கறி உண்ணும் வழக்கம் பெருகி வருகிறது. நீரிழிவு கண்டவர்களும், உடற்பருமனைக் குறைக்க விரும்புகிறவர்களும், வைத்தியர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வெள்ளரிக்காயையும் கேரட்டையும் முள்ளங்கியையும் வில்லை வில்லையாக அரிந்து தட்டில் பரப்பி, மேலே உப்பையும் மிளகுத்தூளையும் தூவிக்கொண்டு, கஷாயம் குடிக்கிறவர்களைப்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்று விழுங்குவதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். உணவு விடுதிகளிலும் 'சாலட்' என்று கேட்டால், காலையிலேயே அரிந்து வைத்து ஓரம் வறண்டுபோன அதே வில்லைகள்தாம் பெரும்பாலும் வந்து சேருகின்றன. வழக்கம் நல்லதே, அதை நாம் கைக்கொண்டிருக்கும் விதம் நல்லதன்று என்பது என் திடமான அபிப்பிராயம். அடுப்பில் ஏறாத பண்டம் சமையல் ஆகாது என்றும், ஆகவே அதற்குக் கைப்பக்குவம் தேவையில்லை என்றும் எண்ணிக்கொண்டு, சாம்பாருக்கும் ரசத்துக்கும் காட்டுகிற சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பச்சைக் காய்கறிக்கு நாம் காட்டுவதில்லை.

பச்சை உணவை மருந்தாக மட்டும் எண்ணும் மனோபாவத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சமைக்காத உணவைப் பற்றி இந்நாட்டில் மிகுந்த சிரத்தையுடன் சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் காந்தியடிகள். 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இளம் வழக்கறிஞராக இருந்தபோதே அத்தகைய ஆகாரத்தைத் தம் உடம்பிலேயே பரிசோதித்துப் பார்த்து, அந்த அனுபவத்தை மறு ஆண்டு லண்டனில் வெளிவந்த 'வெஜிடேரியன்' பத்திரிகையில் எழுதினார். 1929-இல் சபர்மதியில் சகாக்களுடன் மறுபடியும் அந்தப் பரிசோதனையைத் தொடங்கி, அதன் விவரங்களை 'யங் இந்தியா'வில் வெளியிட்டு, கடைசியில் சீதபேதிக்கு உள்ளாகி ஆட்டுப்பாலுக்குத் திரும்ப நேர்ந்ததையும் ஒளிக்காமல் அறிவித்தார். தேக ஆரோக்கியமும் புலனடக்கமும், அடுப்படியிலேயே ஆயுளைக் கழிக்கும் பெண்களுக்கு ஒரு விடுதலையும் அவர் நாடிய பலன்கள். நாவின் சுவையோ, அவர் கருத்தில், வெல்லப்பட வேண்டிய ஒன்று. அவருக்குப் பின் வந்த இயற்கை வைத்தியர்களும் முளைகட்டிய பயறையும் தேங்காய்த் துருவலையும் மருந்தாகவே கொடுத்தார்கள். அந்த மகானின் நோக்கத்தை வணங்குகிறேன். ஆயினும் விரதத்தை ஆயுள் முழுவதும் கடைப்பிடிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. எஞ்சியவர்கள் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பதினோராம் நாள் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். மருந்து என்று வந்தது நோய் தணிந்ததும் போய்விடுகிறது. ருசி என்று வந்ததுதான் வீட்டில் நிலைக்கிறது.

நம்மவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஸ்ரீராம நவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் வழங்கும் வடைப்பருப்பை எண்ணிப் பாருங்கள். ஊறிய பயத்தம்பருப்பில் மாங்காயையும் தேங்காயையும் கொத்துமல்லியையும் சேர்த்து, நீர் விட்டுக்கொள்ளாமல் இருக்க விநியோகிக்கும் வேளையில்தான் உப்புப் போட வேண்டும் என்று பாட்டிமார் சொல்லுவார்கள். அந்த ஒரு விதியில் இந்தக் கலையின் சாரமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் நம் சமையலில் வடைப்பருப்பு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரிய சிறு பண்டமாகவே நின்றுவிட்டது. பச்சைக் காய்கறியைத் தினசரி உணவில் ஒரு தனி அங்கமாக்கி, அதற்கென்று எண்ணெயும் புளிப்பும் கலந்த ஒரு பாகத்தை வகுத்து, அதன் நுட்பங்களைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்தவர்கள் ஐரோப்பியர்கள், விசேஷமாகப் பிரெஞ்சுக்காரர்கள். பிறரிடம் உள்ள நல்ல வித்தையைக் கற்றுக்கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.

இங்கிலாந்தில் 1699-ஆம் ஆண்டிலேயே ஜான் ஈவ்லின் என்ற அறிஞர், சாலட்டுக்கென்றே 'அசிட்டேரியா' என்ற ஒரு முழு நூலை எழுதி வெளியிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி தோன்றிய காலத்திலிருந்தே அதன் அங்கத்தினராக இருந்தவர். மரங்களைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் ஆராய்ந்தவர். அத்தகைய பெரியவர் தம் முதுமைக் காலத்தில் கீரையும் கிழங்கும் கலக்கும் முறையைப் பற்றி நூல் எழுதுவதைத் தம் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதவில்லை. இலைகளை எப்படிப் பொறுக்குவது, கழுவிய இலைகளின் நீரைத் துணியில் இட்டு எப்படி உதறுவது, புளிப்புப் படும்போது இரும்புக் கத்தி ஆகாது என்பதால் வெள்ளிக் கத்தியால் அரிவது, உலோகப் பாத்திரத்தைத் தவிர்த்துப் பீங்கானில் கலப்பது என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு போகிறார். நல்ல ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு, காடியோ எலுமிச்சைச் சாறோ ஒரு பங்கு என்பது அவர் விதித்த அளவு. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பிரெஞ்சு வீடுகளில் வினேகிரெட் என்ற அந்தப் பாகத்துக்கு ஏறக்குறைய இதே அளவுதான் வழங்குகிறது.

இந்தக் கலைக்கு அக்காலத்தில் எத்தனை மதிப்பு இருந்தது என்பதற்கு, பிரெஞ்சு எழுத்தாளர் பிரியா சவரின் 1825-இல் வெளியான தம் சுவை நூலில் ஒரு வரலாறு சொல்லுகிறார். பிரெஞ்சுப் புரட்சியில் உடைமைகளை இழந்து லண்டனுக்கு ஓடிவந்த தால்பிஞாக் என்ற பிரபு வமிசத்தவர், ஆங்கில அரசாங்கத்தார் அகதிகளுக்குக் கொடுத்த உதவித்தொகையைக் கொண்டு காலம் தள்ளிவந்தார். ஒருநாள் அவர் ஒரு விடுதியில் உணவருந்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜையில் இருந்த செல்வக் குடும்பத்து இளைஞர்களுள் ஒருவர் எழுந்து வந்து, சாலட் கலப்பதில் பிரெஞ்சுக்காரர்கள் கைதேர்ந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், தங்களுக்கு ஒன்று கலந்து தர வேண்டும் என்றும் மிக்க மரியாதையோடு கேட்டுக்கொண்டார். சற்றுத் தயங்கிய பிறகு தால்பிஞாக் கலந்து கொடுத்தார். பேச்சினிடையே தம் நிலைமையையும் கூசிக்கொண்டே சொல்ல நேர்ந்ததால், ஐந்து பவுன் நோட்டு ஒன்றை அந்த இளைஞர்கள் அவர் கையில் திணித்தபோது அதை மறுக்கும் வலிமை அவருக்கு இருக்கவில்லை. சில நாட்களுக்குள் கிராஸ்வெனர் சதுக்கத்து மாளிகை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது; அதன்பின் ஒரு வீட்டிலிருந்து மறு வீடாகப் பெயர் பரவிற்று. வாசனையேற்றிய காடிகளும், பலவகை எண்ணெய்களும், நெத்திலியும், முட்டையின் மஞ்சள் கருவும் அடங்கிய மரப்பெட்டியை வேலையாள் சுமந்துவர, வண்டியில் வீடு வீடாகச் சென்று சாலட் கலந்தே எண்பதினாயிரம் பிராங்குக்கு மேல் சம்பாதித்துக்கொண்டு, அமைதி திரும்பியதும் அவர் தாய்நாடு சேர்ந்தார். லண்டன் மாளிகைகளில் இலைக்கும் எண்ணெய்க்கும் காடிக்கும் குறைவிருந்திருக்க முடியாது. இவற்றை ஒன்றுசேர்க்கும் கைக்குத்தான் அத்தனை விலை கொடுத்தார்கள்.

அந்தக் கைத்திறன் ரகசியமானதன்று. காரண காரியங்களை அறிந்துகொண்டால் எந்தச் சமையலறையிலும் கைவரக்கூடியது. முதல் விதி, கழுவிய இலையிலும் காயிலும் ஈரம் நிற்கக் கூடாது. நீர் நிற்கும் இடத்தில் எண்ணெய் ஒட்டுவதில்லை. பாகமெல்லாம் வழிந்து பாத்திரத்தின் அடியில் தேங்க, மேலே உள்ள இலை சப்பென்று இருக்கும். லெட்யூஸ் முதலிய இலைகளை அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, மண் அடியில் தங்கும்படி விட்டு, இலைகளை மட்டும் அள்ளி எடுத்துச் சுத்தமான துணியில் ஒற்ற வேண்டும். எத்தனை நல்ல எண்ணெயைக் கொண்டுவந்தாலும் இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டால் எல்லாம் வியர்த்தம்.

அடுத்தது பாகம். கிண்ணத்தில் முதலில் காடியை விட்டு அதில் உப்பைப் போட்டுக் கரைக்க வேண்டும். உப்பு காடியில் கரையும், எண்ணெயில் கரையாது. முறை மாறினால் கடைசிவரை உப்பு நெறுநெறுவென்று பல்லில் படும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை அந்தக் காடியிலேயே சிறிது நேரம் ஊறவிட்டால் அதன் காரம் தணிந்து இனிமை தோன்றும். பிறகு அரைத்த கடுகு விழுது ஒரு சிட்டிகை. கடுகு காரத்துக்காக மட்டும் சேர்வதன்று. காடியும் எண்ணெயும் சுபாவத்தால் ஒட்டாதவை, எத்தனை அடித்தாலும் சில நிமிஷங்களில் பிரிந்துவிடுபவை. கடுகில் உள்ள வழவழப்பான பொருள் எண்ணெயின் நுண்துளிகளைச் சூழ்ந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதபடி தடுத்து நிற்கிறது. அதன் பிறகே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முள்கரண்டியால் அடித்துக்கொண்டு வரவேண்டும். தெளிந்திருந்த எண்ணெய் மெல்ல மங்கி, இளமஞ்சளாகத் திரண்டு, கரண்டியைத் தூக்கினால் உடனே வழியாமல் சற்றே தயங்கி விழும் தருணத்தில் பாகம் முடிந்தது என்று அறியலாம்.

பச்சிலைகளின் முறை இதற்குப் பின்புதான். பார்ஸ்லி, டாரகன், செர்வில், சைவ்ஸ் என்னும் நான்கையும் பொடியாக அரிந்து சேர்ப்பது பிரெஞ்சு மரபு. பார்ஸ்லியில் மண்ணும் பசுமையும் கலந்த மணம், டாரகனிலும் செர்விலிலும் சோம்பின் சாயல், சைவ்ஸில் வெங்காயத்தின் இளம் வாசனை. இவற்றை முன்கூட்டியே காடியில் போட்டு வைத்தால், புளிப்பு இலையின் பச்சையத்தில் உள்ள மெக்னீஷியத்தை வெளியேற்றிவிட, அழகிய பசுமை மங்கிப் பழுப்பாகிவிடும். கூரில்லாத கத்தியால் நசுக்கினாலும் இலை கறுக்கும், மணமும் போய்விடும். ஆகையால் கூரான கத்தியால், உண்ணப் போகும் வேளையில் அரிந்து, உடனே சேர்க்க வேண்டும். பார்ஸ்லி கிடைக்காத வீட்டில் கொத்துமல்லியையும் புதினாவையும் இதே முறையில் கையாளுவதில் தவறில்லை. அளவில் மட்டும் நிதானம் தேவை, ஏனென்றால் புதினா சற்று மிஞ்சினாலும் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

கலப்பதற்கும் காலம் உண்டு. இலையைக் காடிதான் வாட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எண்ணெய்தான் விரைவில் வாட்டுகிறது. இலையின் மேற்புறம் மெழுகுப் பூச்சு உள்ளது. நீர் அதில் வழிந்து ஓடிவிடும், எண்ணெயோ அதனோடு உறவாகி உள்ளே இறங்கிவிடும். எனவே இலைச் சாலட்டை மேஜையில் உட்கார்ந்த பிறகே கலக்க வேண்டும். துருவிய கேரட்டின் விஷயம் இதற்கு மாறானது. பிரான்சில் பள்ளிக்கூடத்து உணவுச் சாலைகளிலும் பரிமாறப்படும் எளிய பண்டம் அது: கேரட்டை மெல்லிய இழைகளாகத் துருவி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் பார்ஸ்லியும் சேர்த்துச் சிறிது நேரம் வைத்திருந்தால், இழைகள் இளகி, தம் இனிப்பை விட்டு, பாகத்தோடு ஒன்றிவிடும். கேரட்டைத் தடித்த வில்லைகளாக அரிந்து குழந்தைகள் முன் வைத்து, அவர்கள் தொடவில்லையே என்று குறைப்படும் தாய்மார்கள், ஒருமுறை இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இத்தனையையும் கடையில் விற்கும் புட்டி தந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். அந்தப் புட்டிகள் பலவற்றில் பாகம் பிரியாமல் இருக்கக் கோந்து வகைகளும் மாவுச்சத்தும் சேர்கின்றன, சர்க்கரையும் சேர்கிறது, புது இலையின் மணம் மாதக்கணக்கில் புட்டிக்குள் தங்கியிருக்க வழியே இல்லை. ஐந்து நிமிஷத்தில் வீட்டில் முடியும் காரியத்துக்கு, நீரிழிவுக்காரர் சர்க்கரை கலந்த பாகத்தைப் பணம் கொடுத்து வாங்குவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

எடை குறைக்க விரும்புகிறவர்கள் எண்ணெயைக் கண்டு அஞ்சி அதை அறவே நீக்கிவிடுவதும் சரியன்று. கேரட், தக்காளி, கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. கொழுப்பின் துணையின்றி உடம்பு அவற்றைக் கிரகிக்க மாட்டாது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கொழுப்பே இல்லாத பாகத்தோடு சாலட் உண்டவர்களின் இரத்தத்தில் இந்தச் சத்துக்கள் ஏறக்குறைய ஒன்றும் சேரவில்லை என்றும், எண்ணெய் கலந்த பாகத்தோடு உண்டபோது நன்கு சேர்ந்தன என்றும் கண்டார்கள். சுவைக்காகச் சேர்க்கும் இரண்டு கரண்டி எண்ணெயே சத்துக்கும் வாகனமாகிறது என்றால், ருசியைத் துறந்து உண்பவர் எந்தச் சத்தை நாடி உண்கிறாரோ அதையும் சேர்த்தே இழக்கிறார் என்று ஆகிறதல்லவா?

இனி, இந்த யோசனைக்கு உண்மையான தடை ஒன்று உண்டு. அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. சமைத்த பண்டத்தில் நெருப்பு செய்யும் காரியத்தைப் பச்சைப் பண்டத்தில் நல்ல தண்ணீர்தான் செய்ய வேண்டும். அசுத்த நீர் பாய்ந்த நிலத்தில் விளைந்த கீரை டைபாய்டையும் சீதபேதியையும் புழுக்களின் முட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும். உப்பு நீரிலும் காடி கலந்த நீரிலும் ஊறவைப்பது கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றிலும் ஒழிப்பதில்லை. ஆதலால் தோல் சீவக்கூடிய காய்களான வெள்ளரி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றிலிருந்து தொடங்குவதும், இலைகளை நம்பகமான இடத்தில் மட்டும் வாங்கிக் குடிநீரில் பல முறை அலசுவதும், கர்ப்பிணிகளும் நோயால் உடல் நலிந்தவர்களும் பச்சையான முளைப்பயறைத் தவிர்ப்பதும் விவேகம். ஆனால் இதை ஒவ்வொரு குடும்பமும் தன் சமையலறைக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடலாகாது. கீரைப் பாத்திகளுக்கு எந்த நீர் பாய்கிறது என்பதைப் பார்ப்பதும், காய்கறிச் சந்தைகளில் கழுவுவதற்குச் சுத்தமான குழாய் நீர் தருவதும் நகராட்சிகளின் பொறுப்பு. சாலட் பரிமாறும் விடுதிக்காரர்களும், காலையில் அரிந்து வைப்பதை விட்டுவிட்டு, கேட்ட பிறகு அரிந்து, எண்ணெயும் எலுமிச்சையும் உப்பும் அடங்கிய சிறு தட்டு ஒன்றை மேஜைக்குக் கொண்டுவந்து, உண்பவர் கண்ணெதிரிலேயே கலந்து கொடுப்பார்களானால், அதற்காக நாலு ரூபாய் அதிகம் கேட்டாலும் தகும் என்றே சொல்லுவேன்.