22.4-க்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகள்

வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும், ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று சட்டென்று சொல்வார். ஹைட்ரஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரே அளவு எப்படி என்று கேட்டால் திணறுவார். அந்தக் கேள்விதான் ஐரோப்பிய வேதியியலாளர்களை அரை நூற்றாண்டு அலைக்கழித்தது.

வாயுக்கள் எளிய முழு எண் பருமன் விகிதங்களில்தான் கூடுகின்றன என்று 1808-இல் கே-லுசாக் அறிவித்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி. டால்டன் இதை ஏற்க மறுத்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சம பருமனில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருக்குமானால், ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் போக ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் பாதியாகப் பிளக்க வேண்டுமே! அணுவைப் பிளக்க முடியாது என்பதல்லவா அவர் கொள்கை?

சட்டம் படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்த இத்தாலியர் அவகாட்ரோ 1811-இல் முடிச்சை அவிழ்த்தார். சம பருமனில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருப்பது சரியே; பிளப்பது அணு அல்ல, மூலக்கூறு. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன என்றார். ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்ற பெர்சீலியஸின் மின் கொள்கை கோலோச்சிய காலம் அது. அதனால் அவகாட்ரோவின் பேச்சு எடுபடவில்லை. குழப்பம் முற்றியது. அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்பாடுகளை 1861-இல் கெக்குலே தம் பாடநூலில் பட்டியலிட்டார். 1856-இல் அவகாட்ரோ இறந்தபோதும் அவர் கருத்துக்கு அங்கீகாரம் இல்லை.

அதை மீட்டவர் ஜெனோவாவில் பாடம் நடத்திய கன்னிசாரோ. 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டின் முடிவில் அவருடைய சிறுநூல் பிரதிநிதிகளுக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் தனிம அட்டவணைகளை உருவாக்கிய மெண்டலீவ், லோதர் மேயர் இருவரும் அங்கே இருந்தார்கள். அந்நூல் ஓர் ஆசிரியரின் பாடத்திட்டம் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவகாட்ரோவின் கருத்தில் தொடங்கி, பழைய வாதங்களின் வரலாற்றை மாணவர்முன் வைத்து, பிறகே அணு நிறைகளுக்குப் போகிறார் அவர்.

நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் எண்தான் முதலில் வருகிறது. 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்ற நிபந்தனை பின்தங்கிவிடுகிறது. 27 டிகிரியில் அதே ஒரு மோல் சுமார் 24.6 லிட்டர். 0 டிகிரியில் 11.2 லிட்டர் ஆக்சிஜன் அரை மோல், 16 கிராம் என்று கணக்கிடுவதற்கு முன், இரண்டும் ஒன்றும் ஏன் மூன்றாகவில்லை என்று மாணவர்கள் ஒரு வகுப்பு முழுக்க வாதிடட்டும். டால்டனின் தரப்பையும் ஒருவர் பேசட்டும்.