பொது அறிவுன்னா பேரும் வருஷமும் மட்டும்தானா?



வினாடி வினா என்றாலே பல்பு – எடிசன், பெரிய கோயில் – ராஜராஜன், 1729 – ராமானுஜன் என்று கடகடன்னு ஒப்பிக்கிறோம். ஏன் என்று கேட்டால் முழிக்கிறோம். 1³+12³ போட்டாலும் 1729, 9³+10³ போட்டாலும் 1729. இப்படி இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதான். ஒரு தடவை போட்டுப் பாருங்க, மறக்கவே மறக்காது!

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அழுக்குத் தண்ணின்னு அவர் சும்மா விடவில்லை. பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது, 1956-ல் என்.எல்.சி. உருவானது. அந்தக் கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, டர்பைனைச் சுற்றித்தான் எடிசன் பல்பே இங்கே எரியுது!

சட்டமும் அப்படித்தான். ‘கல்வி உரிமைச் சட்டம், 2009’ என்று எழுதினால் ஒரு மார்க். ஆனா அது 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். எனக்கு வயது 14, படிப்பது ஒன்பதாம் வகுப்பு. இனிமேல் படிப்பை நிறுத்தினால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது? பெண் பிள்ளைகள் இதைத்தானே முதலில் தெரிஞ்சுக்கணும்!

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த போட்டியில் ‘யார்?’, ‘எப்போது?’ கேட்ட கையோடு ‘ஏன்?’ என்றும் கேளுங்கள். பதில் தேடிக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி