காய்ச்சல் விட்டும் குழந்தை சோர்ந்து கிடக்கிறதா? காத்திருக்காதீர்கள்!

இரவு பத்தரை மணி. கிளினிக்கை மூடப்போகும் நேரம். இரண்டரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கூடவே குழந்தையின் பாட்டி.

"மூணு நாளா காய்ச்சலும் இருமலும் டாக்டர். சாயங்காலம்தான் காய்ச்சல் விட்டுச்சு. அப்போலேருந்து நல்லா தூங்குறான். அத்தைதான் பயந்துபோய் கிளம்பச் சொன்னாங்க" என்றார் அம்மா.

"இது தூக்கம் இல்லைங்க. கை, கால் சில்லுனு கிடக்கு. மத்தியானத்துலேருந்து ஒண்ணுக்கே போகல" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னதுதான் சரி. குழந்தையின் நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடம் பழைய நிறத்துக்கு வர ஐந்து விநாடி ஆனது. மூன்று விநாடியைத் தாண்டினாலே ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல். நிமோனியாவில் தொடங்கிய தொற்று, செப்சிஸ் ஆகியிருந்தது. உடனே ஆக்சிஜன் வைத்து, 108-ல் ஏற்றி, குழந்தைகள் ஐ.சி.யூ உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

செப்சிஸ் என்பது என்ன?

'கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு' என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். ஆனால், ரத்தத்தில் கிருமி இல்லாமலும் செப்சிஸ் வரலாம். நுரையீரல், சிறுநீர்ப் பாதை, குடல், தோலில் உள்ள புண் என எங்கே தொற்று இருந்தாலும், அதை எதிர்க்கும் உடம்பின் போராட்டம் கட்டுமீறிப்போய் சொந்த உறுப்புகளையே பாதிக்கும் நிலை இது. 2017-ல் உலகம் முழுக்க சுமார் 4.9 கோடி பேருக்கு செப்சிஸ் வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் சுமார் 2 கோடி பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

வீட்டில் எதைக் கவனிப்பது?

தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், தொற்றைக் குறைக்காது. காய்ச்சல் இறங்கியதும் குழந்தை எழுந்து விளையாடினால் நிம்மதி. இறங்கியும் துவண்டு கிடந்தால், இவற்றைப் பாருங்கள்:

• மூச்சு: குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவோ, அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு.

• கை, கால்: சில்லிட்டு, வெளுத்து, திட்டுத் திட்டாக நிறம் மாறியிருப்பது.

• சிறுநீர்: எட்டு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருப்பது.

• விழிப்பு: எழுப்பினாலும் கண் திறக்கச் சிரமப்படுவது, பாலோ தண்ணீரோ குடிக்காதது, வலிப்பு.

• தோல்: அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்.

ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அதுவே அவசரம்தான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

ரத்த அழுத்தமும் ரத்த ஓட்டமும் குறையும் 'ஷாக்' நிலையில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எந்தக் கிருமி என்று அறிய ரத்தம் எடுப்பார்கள். ஆக்சிஜன் தருவார்கள். சலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இதயமும் நுரையீரலும் அதைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பார்கள்.

'பக்கத்து கிளினிக்ல ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போட்டா தெம்பாயிடும்' என்ற யோசனை இங்கே ஆபத்து. ஐ.சி.யூ வசதி இல்லாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் நடந்து, 2011-ல் வெளியான ஆய்வில், வேகமாக ட்ரிப்ஸ் ஏற்றிய குழந்தைகளிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது.

போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுப்பதும் வேண்டாம். கடைசியாக எந்த மருந்தை, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் முக்கியக் கிருமிகள் சிலவற்றை பென்டாவேலன்ட், நியூமோகாக்கல் தடுப்பூசிகள் தடுக்கின்றன. தவறவிட்ட தவணை இருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்பது நாள் கழித்து அந்தப் பையன் வீடு திரும்பினான். மறுபடி என்னைப் பார்க்க வந்தபோது, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று பாட்டியிடம் கேட்டேன்.

"காய்ச்சல் விட்டா புள்ளைக்குப் பசிக்கணும்ல? இவன் தண்ணிகூடக் கேக்கலியே" என்றார்.