சமுதாயக் கல்லூரிக்குப் புத்தகம் யார் தருவது?



மே, ஜூன் திங்கள்களில் பங்கு அலுவலகத்திற்கு வருவோர் கையில் பெரும்பாலும் இரண்டு தாள்களுள் ஒன்று இருக்கும். ஒன்று திருமண ஓலைக்கான விண்ணப்பம்; மற்றொன்று மதிப்பெண் பட்டியல். ஓலைக்காக வருவோர் மலர்ந்த முகத்துடன் வருவர். பட்டியலுடன் வருவோருள் ஒரு பகுதியினர் அதை நான்காக மடித்து, முந்தானையிலோ சட்டைப் பையிலோ மறைத்துக்கொண்டு வருவர். "சாமி, பையன் இரண்டு பாடத்தில் தவறிவிட்டான், இனி என்ன செய்வது?" என்பதே அவர்தம் கேள்வி. அவர்களுக்கு நாம் கூறிவரும் விடைகளுள் ஒன்று 'சமுதாயக் கல்லூரி' என்பது. கூறியவுடன் எழும் மறு கேள்வியும் நாம் அறிந்ததே: "அது உண்மையான கல்லூரிதானா, சாமி?"

இக்கேள்வி நியாயமானது. ஆதலின் அதற்கு விரிவாகவே விடை கூற விழைகிறோம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்றோர் ஊர் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளும் எஃகு ஆலைகளும் பெயர் தந்த தொழிலூர் அது. நம் அம்பத்தூரை ஒத்தது எனலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் கலந்து பேசி, 1901-ஆம் ஆண்டு அப்பள்ளியிலேயே ஒரு சிறு கல்லூரியைத் தொடங்கினர். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல், வீட்டுச் சோற்றை உண்டபடியே பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை முடிக்க வேண்டும் என்பதே நோக்கம். முதலில் சேர்ந்தவர் ஆறே பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைவீரர்கள் வேலையும் கல்வியும் தேடித் திரும்பிய காலத்தில், 1947-இல், குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பரப்புமாறு பரிந்துரைத்தது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவலானதும் அக்குழுவின் அறிக்கைக்குப் பின்னரே. இன்று அந்நாட்டில் இவை ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டு உள்ளன.

நம் நாட்டில் இதன் முதல் வித்து 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் விழுந்தது. மறு ஆண்டே, 1996-இல், பேராயர் அருள்தாஸ் ஆண்டகை காலத்தில், சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. இம்முறையை நாடெங்கும் கொண்டுசென்றவர் இயேசு சபைக் குரு முனைவர் சேவியர் அல்போன்ஸ். அமெரிக்கப் பெயரை எடுத்துக்கொண்டனரே தவிர, அமெரிக்கக் கல்லூரியை அப்படியே பெயர்த்து நடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அங்கே அது பல்கலைக்கழகத்துக்கு ஏறும் முதற்படி. இங்கோ, பள்ளியில் இடறி விழுந்தவர்க்கும், படிப்பை நிறுத்திக் கைக்குழந்தையுடன் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும், வறுமையால் கல்லூரி வாயிலையே காணாதவர்க்கும் திறந்த கதவு. வயது தடையன்று. மருத்துவமனை உதவியாளர், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, மழலையர் பள்ளி ஆசிரியை, உணவகப் பணி என அந்தந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதற்கேற்ற படிப்பு. பெரும்பாலும் ஓராண்டு. நாலு பேர் நடுவே எழுந்து பேசவும், வரவு செலவைக் கணக்கிடவும், தன்னை மதிக்கவும் கற்பிக்கும் வாழ்க்கைத் திறன் முதலில். தொழில் திறன் அடுத்து. பின்னர் ஒரு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ நேரடிப் பயிற்சி. நம் கருத்தில் இம்மூன்றில் முதலாவதே தலையாயது. பள்ளித் தேர்வில் தவறிய பிள்ளையிடம் குறைந்திருப்பது அறிவன்று, துணிவு.

இனிச் சான்றிதழ் பற்றி. இதில் ஒளிவுமறைவு வேண்டா. இக்கல்லூரிகளின் சான்றிதழுக்கு மதிப்பளிப்பது யார் என்ற கேள்வி நெடுங்காலம் அலைக்கழித்தது. 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பளித்தது. 2009-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய திட்டம் ஒன்றை அறிவித்துச் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை நிறுத்திவைத்தது. இடையில் சேர்ந்த பிள்ளைகள் பட்ட மனவேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. 2013 முதல் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே உள்ள கல்லூரிகளுக்குள்ளேயே இத்தகைய படிப்புகளை நடத்த நிதி வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அறிவிக்கப்பட்டது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்முன் பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு: "இவ்வாண்டு சான்றிதழில் கையொப்பமிடுவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம்? இப்படிப்பு அக்கட்டமைப்பில் எத்தனையாவது நிலை?" அலுவலகத்தில் முகம் சுளித்தாலும் கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இத்தனையும் முன்னுரை. நாம் இம்மாதம் எழுதப் புகுந்தது புத்தகத்தைப் பற்றி.

சமுதாயக் கல்லூரிகளில் கட்டடத்தினும் பெருங்குறை பாடநூலே. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்திலேயே தவறிய மாணவனிடம் ஆங்கிலத் தொழில்நுட்ப நூலைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொள்வான்; தேர்வன்று அதை மறுபடி எழுதுவான்; பட்டறையில் இயந்திரத்தின் முன் நிற்கும்போது திகைப்பான். இக்குறைக்கு மருந்து நம் சென்னையிலேயே உள்ளது என்பதைப் பலர் அறியார். கிண்டித் தொழிற்பேட்டையில் தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம் என்றொன்று உண்டு. 'நிமி' என்று சுருக்கமாக அழைப்பர். 1986 டிசம்பரில் மத்திய அரசு ஜெர்மானிய அரசின் துணையுடன் தொடங்கியது. ஜெர்மானியர் தம் தொழிற்பயிற்சி முறையில் கண்ட ஒழுங்கை நம் பயிற்சி நிலையங்களுக்குப் பொருத்துவதே அதன் பணி. ஃபிட்டர், வெல்டர், டர்னர், எலக்ட்ரீசியன் என ஒவ்வொரு தொழிலுக்கும் கோட்பாட்டு நூல் ஒன்று, செய்முறை நூல் ஒன்று, ஆசிரியர்க்குத் தனிக் கையேடு என வகுத்து, படத்தின் துணைகொண்டு படிப்படியாக விளக்கியிருப்பர். அரத்தை எப்படிப் பிடிப்பது, வெர்னியர் காலிப்பரில் அளவை எப்படிப் படிப்பது என்பதற்குக்கூடப் படம் உண்டு. இந்நூல்களுள் பல தமிழிலும் வெளிவந்துள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கென எழுதப்பட்டவைதாம். எனினும் சமுதாயக் கல்லூரி மாணவன் படித்தால் வேண்டாவென்று எவரும் தடுக்கப்போவதில்லை.

இலவசமாகக் கிடைப்பனவும் பெருகிவிட்டன. 2001-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகோர் அனைவருக்கும் இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. பல்லாயிரம் டாலர் கட்டிப் படிப்பவர் பாடத்தை ஏன் இலவசமாகக் கொடுப்பானேன் என்று வியந்தோர் பலர். யாவரும் எடுத்தாளத்தக்க 'திறந்த கல்வி வளம்' என்ற பெயரை 2002-இல் யுனெஸ்கோ கூட்டம் வழக்குக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003 முதல் தம் வகுப்புகளைப் படம்பிடித்து வெளியிட்டு வருகின்றன. அப்பணியின் நடுவிடம் சென்னை ஐ.ஐ.டி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் பட்டயப் படிப்பு நூல்கள் சிலவற்றைத் தமிழில் தந்துள்ளது. இவற்றையெல்லாம் கைப்பேசியிலேயே காணலாம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டதாரிக்கென நடத்தப்பட்ட ஒரு மணி நேர வகுப்பைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் முன் ஓடவிட்டுவிட்டு ஆசிரியர் தேநீர் அருந்தப் போய்விடுவதைக் கற்பித்தல் என்று நாம் ஒப்புக்கொள்ளோம்.

இவை எல்லாவற்றினும் மேலான வளம் ஒன்று நம் தெருக்களில் காலையில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. அதனை எவரும் வளமெனக் கருதுவதில்லை.

அன்னையரே, தந்தையரே, எண்ணிப் பாருங்கள். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் ஆலை ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கூட்டுறவால் எழுந்தது. 1961-இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் முதலில் உருவான 'விஜயந்தா' டாங்கிக்கு வரைபடம் தந்தது இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம். பின்னர் அங்கேயே சோவியத் நாட்டின் டி-72 டாங்கி, 'அஜேயா' என்னும் பெயரில் செய்யப்பட்டது. அவ்வளவு நுட்பத்தையும் கற்று, வெளிநாட்டு வரைபடத்தைப் படித்து, இரும்பைச் செதுக்கி ஓடச் செய்தவர் யார்? பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் கொரட்டூரிலும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் நம் பெரியவர்களே. அயல்நாட்டுக் கல்வி என்றால் விமானம் ஏறிப் போவதென்றே நாம் நினைக்கிறோம். நம்மூர்ப் பட்டறைத் தளத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்துவிட்டது. ஆனால் அவ்வறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. வெட்டுளி சூடேறும் முன் லேத்து எழுப்பும் ஓசை மாறுவதை எந்த நூல் சொல்லும்? அதைச் செவியால் அறிந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். கடந்த சில ஆண்டுகளில் இத்தகையோர் எத்தனை பேரை நாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறோம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆதலின் ஓய்வு பெற்ற ஃபிட்டர், டர்னர், செவிலியர், தையல் ஆசிரியை ஆகியோரை நாம் வேண்டுவது: வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. பாடம் நடத்தத் தெரியாதே என்று தயங்க வேண்டா. நீங்கள் பேசுங்கள், கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். ஓர் ஆண்டில் நாற்பது பாடம் சேர்ந்தால் அது நல்லதொரு தமிழ்ப் பாடநூல். அமெரிக்காவிலும் 2007-இல் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் சில, புத்தக விலை தாங்காமல், ஆசிரியர்களே எழுதிய பாடங்களைப் பகிர்ந்துகொள்ளவே ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. செல்வ நாட்டிலேயே மாணவன் புத்தக விலைக்கு அஞ்சினான் என்றால் நாம் வெட்கப்பட ஏதுமில்லை.

வெளிநாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால், அண்மையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் விளம்பரப் பலகைகளைப் பார்த்து நம்மிடம் விசாரித்த பெற்றோருக்காகவும் சில சொற்கள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரும் வழி உண்மையானதே. ஆனால் அக்கல்லூரிகள் மலிவு என்பது உள்ளூர் மாணவருக்கு. அயல்நாட்டவரிடம் பன்மடங்கு கட்டணம் வாங்குவர். இதைத் தரகர்கள் முதல் நாள் சொல்வதில்லை. 2007-இல் அமெரிக்க அரசு தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் ஒன்றில் இந்தியரும் சென்று ஓராண்டு படித்துத் திரும்பியுள்ளனர்; அதில் கிடைப்பது சான்றிதழேயன்றிப் பட்டமன்று.

போலிகளோ அச்சந்தருபவை. 2011-இல் கலிபோர்னியாவில் டிரைவேலி என்ற பெயருடைய போலிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நம் நாட்டு மாணவர் பலர் தெருவில் நின்றனர். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழக வழக்கில் ஏறத்தாழ 130 மாணவர் பிடிபட்டனர். ஓரிருவர் தவிர அனைவரும் இந்தியர். அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. குடியேற்றக் குற்றங்களைக் கண்டறிய அந்நாட்டு அதிகாரிகளே விரித்த வலை அது. ஏற்புபெற்ற கல்லூரி என்று பட்டியலிலும் பெயர் இருந்தது! தெரிந்தே சேர்ந்தவர் உண்டு என்பர். தரகர் பேச்சில் மயங்கியவரும் உண்டு. எப்படியாயினும் வீட்டை அடகு வைத்தவர் ஊரிலிருந்த பெற்றோரே. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர் ஒருவரையேனும் தேடிப் பேசுங்கள். "திங்கட்கிழமை காலை எந்த அறையில், யார், என்ன பாடம் நடத்தினார்?" என்று கேளுங்கள்.

நம் பங்கில் இப்பணிக்கென மறைக்கல்வி அறையின் கிழக்கு மூலையில் ஓர் அலமாரியை ஒதுக்கியுள்ளோம். தொழில் நூல்கள், பழைய தொழிற்சாலைக் கையேடுகள், பழுதில்லாத அளவுகருவிகள் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்போர் கொண்டுவந்து தரலாம். இரகசிய முத்திரையிட்ட தொழிற்சாலை ஆவணங்கள் மட்டும் வேண்டா. அவற்றை நாம் வாங்க மாட்டோம். மாலை வகுப்பெடுக்க இசையும் பெரியோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் தம் பெயரையும் தொழிலையும் ஒரு தாளில் எழுதிக் கோயிற்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் செல்வாராக.