வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஒலிக் கருவிகளின் சுங்கத் தீர்வை, விநியோகக் கட்டணம் தொடர்பான கோரிக்கை மனு

கல்முனை
2025

பெறுநர்:
சுங்கப் பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
இலங்கைச் சுங்கத் திணைக்களம், கொழும்பு 11.

அனுப்புநர்:
மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர், ஒலிக் கருவி திருத்துவோர் ஆகியோரின் சங்கம்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீளும் எங்கள் ஊர்களில் மைக் செற் என்பது கல்யாண வீட்டோடு முடிகிற காரியமல்ல. அதிகாலையில் ஒரு மையித்து (மரண)ச் செய்தி வந்தால் ஊருக்கு அறிவிப்பது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். வெள்ளம் ஏறும்போதும் கடல் கொந்தளிக்கும்போதும் மக்கள் காது கொடுப்பது அதற்கே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அதன் பிறகு ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்த்து வைப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்கும், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் செற் கட்டுபவர்கள் எங்கள் உறுப்பினர்களே. இனம், சமயம் பார்த்து நாங்கள் வயர் இழுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது ஏற்படும் இடர்களைத் தங்களிடம் எழுத்தில் வைக்கவே இம்மனு. தீர்வையிலிருந்து தப்பிக்க வழி கேட்டு நாங்கள் வரவில்லை. சாமானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, அது வீடு வந்து சேரும்வரை மொத்தம் எவ்வளவு முடியும் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். கேட்பது அடிப்படையில் இதுதான்.

கடலோரத்தில் கருவிக்கு ஆயுள் குறைவு. மினாராவில் கட்டிய ஹோர்னின் யூனிட்டை உப்புக் காற்று அரித்துவிடும். வொயிஸ் கொயில் கருகும், டயபிரம் வெடிக்கும், பொக்ஸின் இரும்பு வலை துருப்பிடித்து உதிரும். எங்கள் திருத்துநர்களில் பலர் கொயிலைத் தாங்களே சுற்றிச் சரிசெய்யக் கூடியவர்கள். ஆனால் புதிய வகை யூனிட்டுக்குரிய டயபிரம், அம்ப்புக்குரிய டிரான்சிஸ்டர், மிக்ஸரின் ஃபேடர் போன்றவை உள்ளூரில் எப்போதும் கிடைப்பதில்லை. ஒன்லைனில் எடுக்கிறோம். இல்லையென்றால் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் பிள்ளைகள் கடல் கார்கோவில் அனுப்பி வைக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாமானின் விலைக்கு மட்டும் தீர்வை விதிக்கப்படுவதில்லை. விலை, காப்புறுதி, கொண்டுவரும் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்த பெறுமதிக்கே தீர்வை கணிக்கப்படுகிறது. ஒலிப் பெட்டி என்பது விலைக்கு மிஞ்சிய இடத்தைப் பிடிக்கும் பண்டம். 80 சென்ரிமீற்றர் உயரம், 50 அகலம், 45 ஆழம் கொண்ட ஒரு பொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர்காரர்கள் கன அளவை 5,000 ஆல் பிரித்து எடை பார்க்கும் வழக்கப்படி அது 36 கிலோ. தராசில் வைத்தால் அதில் பாதியளவே வரும். ஆனாலும் 36 கிலோவுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். பிறகு அந்தக் கூலிக்கும் வரி கட்டுகிறோம்.

ஒரு கணக்கைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். பொக்ஸின் விலை 1,00,000 ரூபாய், விமானக் கூலி 60,000 ரூபாய். தீர்வை 20 சதவீதம், துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு 10 சதவீதம் என்று கொள்வோம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அது கணிக்கப்படுவது பெறுமதியோடு மேலும் 10 சதவீதம் கூட்டி, முன்னைய இரண்டு அறவீடுகளையும் சேர்த்து வரும் தொகைக்கு. இதன்படி தீர்வை 32,000, அறவீடு 16,000, பெறுமதி சேர் வரி 40,320. கூட்டினால் 88,320 ரூபாய். கூலியை விட்டுவிட்டு விலைக்கு மட்டும் இதே கணக்கைப் போட்டால் 55,200 ரூபாய்தான் வரும். மீதி 33,120 ரூபாயும் கூலிக்கு விழுந்த வரி. 2022ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு, பொருளுக்குப் பொருள் வேறுபடும் செஸ், இறக்கும் இடத்துக் கையாளல் கட்டணம் எதையும் இதில் நாங்கள் சேர்க்கவில்லை. 2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து, இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது இந்தத் தொகைகளெல்லாம் எப்படி ஏறியிருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல.

கூலியைப் பெறுமதியில் சேர்க்கத்தான் வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்படிக்கை கட்டாயப்படுத்தவில்லை. சேர்ப்பதா, விடுவதா என்ற முடிவை அதன் 8ஆம் உறுப்புரை ஒவ்வொரு நாட்டிடமும் விட்டிருக்கிறது. அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் கூலியை நீக்கியே தீர்வை கணிக்கின்றன. இலங்கை அதைச் சேர்க்கும் முறையைத் தெரிந்தெடுத்திருக்கிறது. முழு முறையையும் ஒரே நாளில் மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. தபாலிலும் கூரியரிலும் வரும் சிறு பொதிகளுக்கு மட்டுமாவது கூலியில் ஒரு குறிப்பிட்ட வீதத்துக்கு மேல் பெறுமதியில் சேர்க்காத எல்லையொன்றை வகுத்து, அதை வர்த்தமானியில் வெளியிட ஆவன செய்யுங்கள். எங்கள் கோரிக்கைகளில் தலையாயது இதுவே.

அடுத்தது பொருளை வகைப்படுத்துவது. மைக், பொக்ஸ், ஹெட்போன், அம்ப், இவற்றின் பாகங்கள் எல்லாம் சுங்கத் தீர்வை அட்டவணையில் 8518 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பாகங்களுக்கு 8518.90 என்று தனி இலக்கமும் உண்டு. ஆனால் அம்ப் இல்லாத மிக்ஸர் எந்தத் தலைப்பில் அடங்கும், அம்ப் உள்ளேயே பொருத்திய பொக்ஸ் பெட்டியாகக் கொள்ளப்படுமா செற்றாகக் கொள்ளப்படுமா என்பதில் தெளிவில்லை. ஒரே மாதிரியான மிக்ஸரை எடுத்த எங்கள் உறுப்பினர் இருவர் இரண்டு வேறு தொகை கட்டியிருக்கிறார்கள். எந்த இடத்தில், யாருடைய கையால் என்று குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. விதி எல்லாருக்கும் விளங்கும்படி எழுதப்பட்டிருந்தால் இப்படி நேராது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. பொருளை வரவழைக்கும் முன்பே அதன் வகைப்பாட்டை எழுத்தில் கேட்டறியும் முன்கூட்டிய தீர்மானம் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அது கொள்கலன் கணக்கில் இறக்கும் பெரிய வணிகர்களோடு நின்றுவிடக் கூடாது. கல்முனையில் ஒரு சிறு கடைக்காரர் மின்னஞ்சலில் தமிழில் கேட்டாலும், குறித்த நாட்களுக்குள் தமிழில் பதில் கிடைக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தையும் தீர்வை விளக்கத்தையும் தமிழில் கேட்பதை நாங்கள் ஒரு சலுகையாக எண்ணவில்லை.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். முழுக் கருவிக்கும் டயபிரமுக்கும் ஒரே பார்வை பொருந்தாது. பழையதைத் திருத்தினால் வெளிநாட்டுச் செலாவணி மிஞ்சும், ஒரு திருத்துநருக்கு அன்றைய கூலியும் கிடைக்கும். 8518.90 இன் கீழ் வரும் பாகங்களுக்குச் செஸ்ஸை நீக்கி, தீர்வையை மிகக் குறைந்த படிக்குக் கொண்டுவர நிதி அமைச்சுக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். 2015 டிசம்பரில் நைரோபியில் விரிவாக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் இந்த 8518 வகைப் பொருட்களின் தீர்வையைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டன. இலங்கை அதில் பங்காளி அல்ல. ஆயினும் இவை ஆடம்பரப் பொருட்கள் அல்ல, தொழிற் கருவிகள் என்று உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

இன்னொன்றும் இருக்கிறது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிப் பாவனைக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கிடையாது. அந்த வழக்கு ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியைச் சுற்றியே எழுந்தது. ஓசை தொழுகைக் கூடத்துக்குள் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டு நோயாளியையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் அது வருத்தக் கூடாது என்பதில் எங்களுக்கும் இரண்டாம் கருத்தில்லை. அதற்கு வேண்டியவை சுவரில் பொருத்தும் ஒடுங்கிய கொலம் பொக்ஸ்கள். அவை கைக்கு எட்டாத விலையில் இருக்கும்வரை, பள்ளி நிருவாகங்கள் பழைய ஹோர்னையே நம்பியிருக்கும். தீர்வையைக் குறைத்தால் இரைச்சலும் குறையும்.

தூரத்தால் வரும் துன்பம் தனி. பொதியொன்று கொழும்பில் நிறுத்தப்பட்டால் இரவு பஸ்ஸில் ஏறி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், விடியற்காலையில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். ஒரு பத்திரம் குறைந்தால் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். அந்த நாட்களிலெல்லாம் களஞ்சியக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் உறுப்பினர் ஒருவர் நோன்பு மாதத்துக்கென்று எடுத்த நான்கு யூனிட்டுகளை, ஒரு விநியோக நிறுவனத்தின் கையிலிருந்து பெருநாள் முடிந்த பின்னரே பெற்றார். களஞ்சியக் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து யூனிட்டுகளின் விலையையே தாண்டிவிட்டன. அவர் தராவீஹ் தொழுகைக்கு வாக்குக் கொடுத்திருந்த பள்ளிக்கு வேறொருவரிடம் வாடகைக்கு வாங்கிக் கட்டினார். பணம் போனதைவிட வாக்குத் தவறிவிடுமோ என்று அவர் பட்ட பாடு பெரிது.

எனவே சுங்க அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும், அரச விடுமுறை நாட்களுக்கும் களஞ்சியக் கட்டணம் அறவிடக் கூடாது. கூரியர் நிறுவனங்கள் சுங்கத்துக்குக் கட்டிய தொகையையும் தங்கள் சேவைக் கட்டணத்தையும் ஒரே பற்றுச்சீட்டில் கலந்து எழுதாமல், பிரித்துக் காட்டப் பணிக்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாளாவது கல்முனையில் ஓர் அலுவலர் அமர்ந்து சிறு பொதிகளின் பத்திரங்களைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபோது எங்கள் சாமான்கள் இனி வாசலிலேயே இறங்கும் என்று நம்பினோம். அதன் வாயை மணல் மூடிவிட்டது. கப்பலை இங்கே வரவழைக்க எங்களால் முடியாது, ஆனால் ஓர் அலுவலர் வந்து போவது முடியாத காரியமல்ல.

வயர் இல்லாத மைக்குகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை என்பதை அறிவோம். எந்த அலைவரிசை இங்கு அனுமதிக்கப்பட்டது என்ற பட்டியலைத் தமிழில் வெளியிட்டால், வாங்கிய பின் பறிகொடுக்கும் நிலை நீங்கும். இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் சலுகை எந்த ஒலிக் கருவிக்குப் பொருந்தும், மூலச் சான்றிதழை ஒரு சிறு கடைக்காரர் எப்படிப் பெறுவது என்பதையும் அதே அறிவித்தலில் சேர்க்கலாம்.

எங்கள் உறுப்பினர்கள் கட்டிய தீர்வைப் பற்றுச்சீட்டுகள், கூரியர் பட்டியல்கள், களஞ்சியக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளைத் தொகுத்து வைத்துள்ளோம். தாங்கள் நியமிக்கும் அலுவலர் கல்முனைப் பிரதேச செயலகத்துக்கு வருகை தரும் நாளை முன்னறிவித்தால், அவற்றோடு நேரில் வந்து விளக்கமளிக்கத் தயாராக இருக்கிறோம். கூலிக்கான பெறுமதி எல்லை, 8518.90 பாகங்களின் தீர்வை ஆகிய இரண்டுக்கும் எழுத்து மூலமான பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் சார்பில்
தலைவர், செயலாளர், பொருளாளர்

பிரதிகள்:
செயலாளர், நிதி அமைச்சு
தபால் மா அதிபர்
பணிப்பாளர் நாயகம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு
மாவட்டச் செயலாளர், அம்பாறை
பிரதேச செயலாளர், கல்முனை